‘வௌ்ளைமணல்’ வரை தேடிப்போன முயல்: ஏஎஃப்எல்++ பாவித்த அனுபவம்

ஏஎஃப்எல்++ என்பது புரோகிராம்களில் பக், அதாவது பிழை, தேடும் ஃபஸிங் கருவி. இலவசம். காசு கேட்காது, கரண்ட் கேட்கும், நேரம் கேட்கும், சி மொழி ஓரளவு தெரிந்த ஓர் ஆளைக் கேட்கும். இந்த மூன்றும் கையில் இருந்தால் இதைவிட நல்ல பக் பிடிக்கும் கருவியை நான் பாவித்ததில்லை. ஒன்று குறைந்தாலும் எரிச்சல்தான் மிஞ்சும். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரையை ஏன் வெட்டினேன் என்பது கீழே வரும். காரணம் கொஞ்சம் சில்லறைத்தனமானது.

நான் இதை ஓட்டியது பெரிய கம்பனி மென்பொருளில் இல்லை. திருகோணமலை டவுனில் மாமாவின் அச்சகம் இருக்கிறது. தட்டச்சும் பக்க வடிவமைப்பும் என் பொறுப்பு. அங்கே இருபது வருடத்துக்கு மேலாகச் சேர்ந்த பைல்கள் கிடக்கின்றன: பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழா நோட்டீஸ்கள், அந்தியேட்டி நினைவு மலர்கள், கலியாணக் கார்டுகள், பாடசாலைப் பரிசளிப்பு விழா மலர்கள். எல்லாம் பாமினி எழுத்துரு, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த, யூனிகோடுக்கு முந்திய வகை. இவற்றை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்னப் புரோகிராம் உண்டு. எனக்கு முன் அங்கே இருந்த ஒருவர் சி-யில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். ஆர்டிஎஃப் (எழுத்தோடு எழுத்துரு, அளவு போன்றவற்றையும் கட்டளைச் சொற்களாக வைக்கும் ஆவண வகை) பைலைத் திறந்து, எந்தத் துண்டு பாமினியில் இருக்கிறதோ அதை மட்டும் யூனிகோடாக்கும், ஆங்கிலப் பகுதியைத் தொடாது. கெட்டிக்காரத்தனமான வேலை, குறை சொல்ல மனமில்லை. ஆனால் சில நோட்டீஸ்களைக் கொடுத்தால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். சிலவற்றில் ஒரு வரியின் கடைசியில் சம்பந்தமில்லாத எழுத்து ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொரு தரம் ஓட்டினால் வேறு எழுத்து. ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

ஃபஸிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு புரோகிராமுக்குக் கண்டபடி குப்பையான உள்ளீட்டைக் கொடுத்து, அது எங்கே விழுகிறது என்று பார்ப்பது. பெயரும் வழக்கமும் 1988-இல் வந்தவை. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் புயலடித்த ஓர் இரவில் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியாக யூனிக்ஸ் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். லைனில் விழுந்த இரைச்சல் தட்டச்சோடு குப்பை எழுத்துகளாகக் கலந்துபோக, நன்றாக ஓடுகிற புரோகிராம்களே விழ ஆரம்பித்தன. அவர் அதையே மாணவர்களுக்குப் பாட வேலையாகக் கொடுத்தார். 1990-இல் வந்த அவர்களுடைய கட்டுரைப்படி, சோதித்த யூனிக்ஸ் கருவிகளில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குப்பைக்குத் தாங்கவில்லை. மாரியில் இடி முழங்கும்போது லைனில் என்னவெல்லாம் வரும் என்பது திருகோணமலைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெறும் குப்பைக்கு ஓர் எல்லை இருக்கிறது. எங்கள் புரோகிராம் பைலின் முதல் ஐந்து பைட்டைப் பார்க்கும்: ஓர் அடைப்புக்குறி, ஒரு பின்சாய்கோடு, பிறகு ஆர், டி, எஃப். இல்லையென்றால் ‘இது ஆர்டிஎஃப் இல்லை’ என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடும். ஐந்து பைட் எதேச்சையாகச் சரியாக அமைய ஒரு இலட்சம் கோடிக்கு மேல் சாத்தியங்களைத் துழாவ வேண்டும். கவரேஜ் வழிகாட்டும் ஃபஸிங் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஏஎஃப்எல்லின் கம்பைலரால், அதாவது மூலநிரலை ஓடும் புரோகிராமாக்கும் கருவியால், புரோகிராமைக் கட்டும்போது, கிளை பிரியும் இடமெல்லாம் அது ஒரு சின்னக் கணக்கை நட்டுவிடுகிறது. எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்குப் போனது, எத்தனை தரம் போனது என்ற கணக்கு. ++ வருவதற்கு முந்திய மூல ஏஎஃப்எல்லில் இது 64 கிலோபைட் அட்டவணை. ஒரு பைலை அங்கே இங்கே மாற்றி ஓட்டியபோது இதுவரை போகாத கிளை ஒன்று திறந்தால், அந்த பைலை எடுத்து வரிசையில் வைத்துக்கொள்ளும். அடுத்த மாற்றங்களை அதன் மேல் செய்யும். முதல் பைட் சரியாக அமைந்த பைல் ஒன்று கிடைத்தாலே போதும், அது முதலாகிவிடும். பிறகு இரண்டாவது, மூன்றாவது. இலட்சம் கோடி வேலை சில ஆயிரமாகச் சுருங்கிவிடும்.

ஆனால் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. பைட் பைட்டாக ஒப்பிட்டால்தான் இந்தப் படி கிடைக்கும். புரோகிராம் ஐந்தையும் ஒரே அடியாக ஒப்பிட்டால் நடுவில் கிளை இல்லை, முன்னேற்றம் தெரியாது. எங்கள் புரோகிராமில் ஆர்டிஎஃப் கட்டளைச் சொற்கள் முழுவதும் அப்படித்தான். அதற்கு ஏஎஃப்எல்++ வைத்திருக்கும் மருந்து சிஎம்பிலாக். புரோகிராமை இரண்டாவது தரம் அந்த வகையில் கட்டிக் கொடுத்தால், எதை எதோடு ஒப்பிடுகிறது என்று ஒளிந்திருந்து பார்த்து, எதிர்பார்க்கும் சொல்லையே உள்ளீட்டில் கொண்டுவந்து வைத்துவிடும். நான் ‘வணக்கம்’ என்று மட்டும் இருந்த ஒரு பைலைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பிளேன்டீ குடித்து வருவதற்குள் வரிசையில் ஆர்டிஎஃப் தலைப்போடு பைல்கள் நிற்கின்றன, எழுத்துரு அட்டவணைக் கட்டளை உட்பட. யாரும் அதற்கு ஆர்டிஎஃப் சொல்லிக்கொடுக்கவில்லை. மூல ஏஎஃப்எல்லை எழுதிய மிகாவ் ஸலெவ்ஸ்கி 2014-இல் ‘ஹலோ’ என்ற சொல் மட்டும் உள்ள பைலிலிருந்து செல்லுபடியாகும் ஜேபெக் படங்களை இப்படி வரவழைத்துக் காட்டினார். முன்பு அதைப் படித்தபோது கொஞ்சம் பெரிதுபடுத்துகிறார் என்று நினைத்திருந்தேன்.

அவர் 2013-இல் வெளியிட்ட கருவிக்கு ஒரு முயல் இனத்தின் பெயரை வைத்தார்: அமெரிக்கன் ஃபஸ்ஸி லொப், சுருக்கமாக ஏஎஃப்எல்.  அவர் தொடராமல் விட்ட பிறகு, 2019-இல் சில ஆராய்ச்சியாளர்கள் பிரதி எடுத்து வளர்த்ததுதான் ++ போட்ட இந்தப் பதிப்பு. இன்று யாராவது ‘ஏஎஃப்எல்’ என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். பழையதைத் தேடிப் போட வேண்டாம்.

நிறுவுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. உபுண்டு, டெபியன் என்றால் ஒரே கட்டளையில் வந்துவிடும். டொக்கர் வழியும் உண்டு, ஆனால் அது கனம்; மொபைல் டேட்டாவில் இறக்க நினைப்பவர்கள் முதலில் பொதியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவும். விண்டோஸில் நேரடியாக ஓடாது; விண்டோஸுக்குள் லினக்ஸ் போடும் வழியில் ஓடும்.

முதல் தரம் ஓட்டும்போது ஓடாது. இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ‘ம்ம்’ என்று தொடங்கி ஒரு பந்தி எழுதி நின்றுவிடும். புரோகிராம் விழுந்தால் அந்தச் செய்தியை உபுண்டு தன்னுடைய பிழை அறிக்கைக் கருவிக்கு அனுப்பிவிடுகிறது, அதனால் எனக்குத் தாமதமாகிறது, இந்த அமைப்பை இப்படி மாற்று என்று கட்டளையையும் எழுதிக் காட்டும். மாற்றிவிட்டு ஓட்டினால் அடுத்து சிபியு வேகம் பற்றி இன்னொரு பந்தி. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் பிழைச் செய்தியில் காரணத்தையும் மருந்தையும் சேர்த்துத் தரும் மென்பொருள் எத்தனை இருக்கிறது? ஆவணங்களும் அப்படித்தான், ஆங்கிலத்தில் மட்டும் என்றாலும் மனிதர் எழுதியது போல இருக்கும்.

ஓடத் தொடங்கியதும் ஒரு திரை. ஓடிய நேரம், கடைசியாகப் புதிதாக ஏதும் கண்ட நேரம், நொடிக்கு எத்தனை ஓட்டம், எத்தனை கிராஷ் (புரோகிராம் விழுந்த தடவை). ஒரு சுற்று முடிந்த எண்ணிக்கையின் நிறம் மட்டும் பார்த்தால் போதும்: தொடக்கத்தில் ஊதாச் சிவப்பு, புதிதாகக் கிடைத்துக்கொண்டிருந்தால் மஞ்சள், ஓய்ந்தால் நீலம், நெடுநேரம் ஒன்றுமில்லையென்றால் பச்சை. பச்சை வந்தால் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

என் கணினி பழைய ஐ-5. ஒவ்வொரு பைலுக்கும் புரோகிராமைப் புதிதாகப் பிறக்கவைக்கும் சாதாரண முறையில் வேகம் நொடிக்கு ஆயிரத்துச் சொச்சம். ஒரே பிறப்பில் ஆயிரக்கணக்கான பைல்களைச் சுற்றில் ஓட்டும் பெர்சிஸ்டன்ட் முறைக்கு மாற்றினால் பத்து இருபது மடங்கு ஏறும் என்று ஆவணம் சொல்கிறது. எனக்கும் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. ஆனால் அதற்கு ஹார்னஸ் எழுத வேண்டும். ஏஎஃப்எல் கொடுக்கும் பைட்டை வாங்கி, நம்முடைய மாற்றும் பகுதியை மட்டும் கூப்பிடுகிற ஒரு சின்ன ‘மெயின்’. எழுதி ஓட்டியதும் ‘ஸ்டெபிலிட்டி’ என்ற எண் சிவப்பில் குறைந்து நின்றது. ஒரே பைலை இரண்டு தரம் கொடுத்தால் இரண்டு வழியில் ஓடுகிறது என்று அர்த்தம். காரணம், எழுத்துரு அட்டவணையைப் பொது மாறியில் வைத்திருந்தார்கள். முதல் பைலின் எழுத்துரு இரண்டாவது பைலுக்குள்ளும் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் துடைத்ததும் நூறு சதவீதம். பைல்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும்போது ஆங்கில வரி சில நேரம் தமிழாகிப்போனதற்கும் இதுதான் காரணம். இது கிராஷே இல்லை. ஓர் எண்ணைப் பார்த்துப் பிடித்தது.

இனி கிடைத்த பக்குகள். முதலாவது சில நிமிடத்திலேயே: ஆர்டிஎஃப்பில் எழுத்துருவுக்கு ஒரு எண் வரும். அந்த எண்ணை ஒரு வரம்பும் பார்க்காமல் அட்டவணையின் இலக்கமாகப் பாவித்திருந்தார்கள். பெரிய எண் வந்தால் அட்டவணைக்கு வெளியே கை போய்விடும். இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, எந்தப் பழைய சி புரோகிராமிலும் இருக்கும்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. பாமினியில் ‘கொ’ என்று அடிப்பது பார்வை வரிசையில்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யூனிகோடில் முதலில் க, பிறகுதான் குறி. ஆகவே மாற்றுகிற புரோகிராம் கொம்பைக் கண்டதும் அடுத்த பைட்டை எட்டிப் பார்க்க வேண்டும். கொம்போடு துண்டு முடிந்துவிட்டால்? எட்டிப் பார்க்கிற இடத்தில் யாருடைய மெமரியோ இருக்கும். நோட்டீஸில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கும்போது மவுஸ் ஓர் எழுத்து தள்ளிப் பிடித்துவிட்டால், கொம்பு சாதாரண எழுத்திலும் மெய் தடித்த எழுத்திலுமாக இரண்டு துண்டாகிவிடும். கடதாசியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்ட அந்நிய எழுத்தின் கதை இதுதான்.

இதை ஏஎஃப்எல் தனியாகப் பிடிக்காது, கவனிக்கவும். ஒரு பைட் தள்ளி வாசித்ததற்காக எந்தப் புரோகிராமும் விழாது. மெமரியை வரம்பு மீறித் தொட்டால் உடனே நிறுத்தி எந்த வரியில் என்று சொல்லும் அட்ரஸ் சானிடைசரோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகும், பரவாயில்லை. அதுவும் போதாது. பெர்சிஸ்டன்ட் முறையில் உள்ளீடு வருவது பெரிய பொது மெமரித் துண்டு ஒன்றில். அதற்குள்ளேயே ஒரு பைட் தாண்டி வாசித்தால் சானிடைசர் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். வந்த நீளத்துக்குச் சரியாக மெமரி எடுத்து, அதில் பிரதி பண்ணி, அதைத்தான் புரோகிராமுக்குக் கொடுக்க வேண்டும். ஹார்னஸில் இரண்டே வரி. இந்த இரண்டு வரி இல்லாமல் கிழமைக்கணக்கில் ஓட்டினாலும் கொம்பு பக் கிடைத்திருக்காது.

மூன்றாவது ‘ஸ்ரீ’. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ‘கு’ போன்றவை பாமினியில் ஒரே பைட், யூனிகோடில் இரண்டு குறியீடு, ஆக 6 பைட். புரோகிராம் எழுதியவர் அதைக் கணக்கில் எடுத்து, உள்ளே வரும் ஒரு பைட்டுக்கு 6 பைட் இடம் ஒதுக்கியிருந்தார். ஆனால் பாமினியில் ஸ்ரீயும் ஒரே பைட்தான். யூனிகோடில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நாலு குறியீடு, 12 பைட். ஒரு பந்திக்குள் ஸ்ரீ வந்தால் மற்ற எழுத்துகள் விட்டுவைத்த இடத்தில் சமாளித்துப் போய்விடும். கோயில் நோட்டீஸின் தலையில் மட்டும் ஸ்ரீயைப் பெரிய அளவில் தனியாகப் போடுவோம். அளவு மாறினால் ஆர்டிஎஃப்பில் அது தனித் துண்டு. ஒரு பைட் துண்டு, 6 பைட் இடம், 12 பைட் எழுத்து. நோட்டீஸ்கள் மட்டும் ஏன் விழுந்தன, நினைவு மலர்கள் ஏன் விழவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த பைலை ஏஎஃப்எல் கொடுத்தபோது அது ஸ்ரீயாகத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான பைட் குப்பை. அதைச் சுருக்கும் டிமின் என்ற கருவி கூடவே வருகிறது. கிராஷ் மாறாதபடி வெட்டிக்கொண்டே போய், வெட்ட முடியாத ஆனால் முக்கியமில்லாத பைட்டுகளைப் பூச்சியமாக்கிவிடும். கடைசியில் தலைப்பு, ஓர் எழுத்துரு வரி, சமக்குறி ஒன்று. பாமினியில் சமக்குறி விசைதான் ஸ்ரீ. விசைப்பலகையோடு வாழ்பவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இங்கேதான் முறைப்பாடும் வருகிறது. கிராஷ் அடைவில் பைல்கள் குவிந்துவிடும், பிரித்துப் பார்த்தால் பக் மூன்றோ நாலோதான். ஒரே குழிக்குப் பல வழி. ஒவ்வொன்றாகத் திறந்து சானிடைசர் சொல்லும் வரி இலக்கத்தைக் கொண்டு கூட்டம் பிரிக்க வேண்டும். அடுத்தது அந்த அரைப் புள்ளி. பைல்களின் பெயரில் முக்காற்புள்ளி வைக்கிறது: ‘ஐடி’ என்று போட்டு முக்காற்புள்ளி, பிறகு இலக்கம், எந்த சமிக்ஞையில் செத்தது, எந்தத் தாயிலிருந்து வந்தது என்று ஒரு சாதகமே பெயரில் இருக்கும். விண்டோஸ் பைல் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது. அச்சகத்தில் எல்லாம் பென் டிரைவில்தான் இங்கிருந்து அங்கே போகும். பிரதி பண்ணப் போனால் ஒவ்வொரு பைலுக்கும் ஒரு பிழைச் செய்தி. மூலநிரலில் ஓர் அமைப்பை மாற்றிக் கட்டினால் எளிய பெயர் வரும். ஆனால் பொதியாக இறக்கியவர் அதற்காக முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும். நான் சிப் பண்ணிக் கொண்டுபோகிறேன்.

அப்புறம் சூடு. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் அச்சகத்தின் பின்னறை நெருப்பாகத்தான் இருக்கும். அதில் ஒரு கணினியின் எல்லாக் கோரும் இரவிரவாக முழு வேகத்தில் ஓடினால்?

“பிள்ளை, ஒருத்தரும் வேலை செய்யேல்ல, இந்த மெஷின் ஏன் இப்பிடி இரையுது?” என்று மாமா காலையில் கேட்டார்.

“பைல் மாத்துற புரோகிராமுக்குப் பரீட்சை வைக்குது மாமா.”

“பரீட்சைக்கு வாற கரண்ட் பில்லை ஆர் கட்டுறது?”

கேள்வி நியாயம். பிறகு ஒரு கோரை மிச்சம் விட்டு, பகலில் நிறுத்தி, இரவில் மட்டும் ஓட்டினேன். நிறுத்துவதில் நட்டமில்லை. கரண்ட் போனாலும் வரிசை அடைவு அப்படியே இருக்கும். உள்ளீட்டு அடைவின் பெயருக்குப் பதில் ஒரு சிறுகோடு போட்டுத் திரும்ப ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். யூபிஎஸ் இல்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

விதை பைல், அதாவது ஏஎஃப்எல்லுக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் மாதிரி பைல் பற்றி ஒரு வார்த்தை. சின்னதாக இருக்க வேண்டும், ஒரு கிலோபைட்டுக்குள் நல்லது. முப்பது பக்க நினைவு மலரைத் தூக்கிக் கொடுத்தால் முயல் ஆமையாகிவிடும். இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. அந்த மலர்களில் செத்தவரின் பெயர், பிள்ளைகள், மருமக்கள், ஊர் எல்லாம் இருக்கும். ஏஎஃப்எல் அதை வெட்டி ஒட்டிப் பல்லாயிரம் பைலாக்கும். அதிலொன்றை உதவி கேட்டு யாருக்காவது அனுப்பினால் ஒரு குடும்பத்தின் விபரம் அதோடு போகும். நான் விதைகளைப் புதிதாக அடித்தேன்: இரண்டு வரி, ஒரு தடித்த எழுத்து, ஒரு ஆங்கிலச் சொல்.

இவ்வளவும் சரி. ஆனால் அச்சகத்துக்கு உண்மையில் வேண்டியது விழாத புரோகிராம் மட்டும் இல்லை, சரியான தமிழ். ஏஎஃப்எல்லுக்குத் தமிழ் தெரியாது. ‘வெள்ளைமணல்’ என்று சீனக்குடாப் பக்கத்து ஊரின் பெயரைக் கொடுத்து ‘வௌ்ளைமணல்’ என்று வந்தாலும் அதைப் பொறுத்தவரை எல்லாம் நலம். இலங்கைத் தமிழ் இணையப் பக்கங்களில் ‘வௌிநாடு’, ‘வௌ்ளிக்கிழமை’ என்று பார்த்திருப்பீர்கள். அதே நோய். பாமினியில் ஔகாரக் குறியின் வலப்பக்கமும் ள எழுத்தும் ஒரே விசை. கொம்பு, வ, ள என்று வந்ததும் மாற்றி அவசரப்பட்டு ‘வௌ’ என்று முடிவெடுத்துவிடும். பிறகு வரும் புள்ளி போக்கிடமில்லாமல் அதன் தலையில் போய் உட்காரும். ‘ஒளி’ இப்படியே ‘ஔி’ ஆகும்.

இதற்குக் கருவியை வேறு விதமாக வேலைவாங்க வேண்டும். தமிழ் எழுத்து 247. ஒரு பைட்டில் 256 இடம். ஆகவே ஹார்னஸில் ஏஎஃப்எல் தரும் ஒவ்வொரு பைட்டையும் ஒரு தமிழ் எழுத்தாக எடுத்துக்கொண்டேன், மிஞ்சியவற்றை இடைவெளியாக்கினேன். அந்த எழுத்துத் தொடரை விசைப்பலகை அட்டவணைப்படி பாமினியாக்கி, புரோகிராமிடம் கொடுத்து யூனிகோடாக்கி, தொடங்கியதோடு ஒப்பிடுவது. ஒத்துவராவிட்டால் வேண்டுமென்றே புரோகிராமைச் சாகடிப்பது. ஏஎஃப்எல்லுக்குத் தெரிந்தது சாவு மட்டும்தானே. பிழையான தமிழை சாவாக மொழிபெயர்த்துக் கொடுத்தால் அதையும் வேட்டையாடும்.

உடனே கிடைத்தது ‘கௌ’. ‘கெ’யும் ‘ள’வும் சேர்ந்து வந்தால் பாமினியில் அது ‘கௌ’வேதான், எந்தப் புரோகிராமாலும் பிரிக்க முடியாது. எழுத்துருவின் குறை. அதை ஹார்னஸில் ஒன்றாகவே எண்ணச் சொன்னேன். அடுத்தது ‘வெள்’, ‘தெளி’, ‘ஒளி’ வகைகள் வரிசையாக விழுந்தன. மருந்து எளிது: ள-வுக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ள-தான், இல்லையென்றால் ஔகாரம். ஔவையாரும் கௌரியும் தப்பினார்கள், வெள்ளைமணலும் தப்பியது.

இதற்கு முயல் எதற்கு, இரண்டு எழுத்துச் சோடிகள் எல்லாவற்றையும் ஒரு லூப்பில் ஓட்டினால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். சோடி 61,009-தான், இந்த ஒரு பக்குக்குப் போதும். கொம்போடு வரி முடிந்து அடுத்த வரி ள-வில் தொடங்கினால், நடுவில் இடைவெளி வந்தால் என்று நீளம் கூடக்கூட லூப் மூச்சு வாங்கும். ஏஎஃப்எல்லோ புதுக் கிளை திறந்தால் மட்டும் நீட்டும். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. லூப்பை இப்போதும் வைத்திருக்கிறேன், அது ஒரு நொடி வேலை.

மாற்று வழிகள் உண்டு. கிளாங் கம்பைலரோடு வரும் லிப்ஃபஸ்ஸர் தொடங்குவதற்கு இதைவிட எளிது, ஒரே ஒரு பங்ஷன் எழுதினால் போதும். ஆனால் எழுதியவர்கள் வேறு கருவிக்குப் போய்விட்டார்கள். முக்கியமான திருத்தம் தவிர புதிதாக ஒன்றும் வராது. முதல் கிராஷிலேயே நிற்பதும் அதன் வழக்கம். என் யோசனை: ஹார்னஸை லிப்ஃபஸ்ஸர் வடிவில் எழுதுங்கள், அதே பைலை ஏஎஃப்எல்++ கம்பைலராலும் கட்டலாம். கோ மொழிக்காரர்களுக்கு 2022-இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து ஃபஸிங் மொழிக்குள்ளேயே இருக்கிறது, பைதானுக்கு அதெரிஸ் இருக்கிறது. உங்கள் புரோகிராம் பெரிய திறந்த மூலத் திட்டம் என்றால் கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் தானே ஓட்டிக் கொடுக்கும். 2014-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற இணையப் பாதுகாப்பு மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் பக் உலகத்தையே உலுக்கிய பிறகு 2016-இல் தொடங்கினார்கள். அச்சகப் புரோகிராமை அவர்கள் எடுக்கமாட்டார்கள், அது வேறு.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிற தம்பி ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, “அக்கா, என்ர இணையத்தளத்துக்கும் இதைப் போடலாமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பட்டன் அமுக்கினால் பக்கம் மாறுகிறதா என்று பார்ப்பதற்கு இது பொருந்தாது. பைட்டாக எதையாவது வாங்கி அலசுகிற புரோகிராம் வேண்டும்: பைல் வாசிப்பான், எழுத்துரு மாற்றி, செய்திப் பொதி பிரிப்பான். அதுவும் சி, சி++ போல மெமரியைக் கையால் மேய்க்கிற மொழியில் இருந்தால் அறுவடை அதிகம். அவனுடைய இறுதி வருடத் திட்டத்தில் ஜிபிஎஸ் கருவி அனுப்பும் வரிகளை வாசிக்கிற சி பகுதி ஒன்று இருக்கிறதாம், மீன்பிடிப் படகுக்கு. அதற்குப் போடச் சொன்னேன். அந்த வரிகளின் கடைசியில், வரி பழுதாகாமல் வந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண் வரும். ஃபஸ் பண்ணும் கட்டமைப்பில் மட்டும் அந்தச் சோதனையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முயல் தரும் மாற்றங்கள் அநேகமாக எல்லாம் வாசலிலேயே திரும்பிவிடும். எடுத்ததைப் படகில் போடும் பதிப்பில் திரும்ப வைக்க மறக்கவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.